ஒரு கரண்டி மோர்



போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன் வந்தது. 2008-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். "டீச்சர், தூங்கிட்டீங்களா?" என்று கேட்கும்போதே குரல் கம்மியிருந்தது. கையில் ஏழு வாரக் குழந்தை. சாயங்காலம் ஆனால் வீறிட்டு அழுகிறதாம். மலத்தில் சளியும் ரத்தக் கோடும் தெரிகிறதாம். மாமியார் ஒன்று சொல்கிறார், பக்கத்து வீட்டம்மா ஒன்று சொல்கிறார், செல்போன் நூறு சொல்கிறது. "உங்க பேரனுக்கும் இப்படி இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன் டீச்சர். நீங்க என்ன பண்ணீங்க?"

முதலில், விடிந்ததும் குழந்தை மருத்துவரிடம் போகச் சொன்னேன். பிறகு நான் என்ன பண்ணினேன் என்பதை முழுதாகச் சொன்னேன், பண்ணக் கூடாததைப் பண்ணியதையும் சேர்த்து. போனை வைத்த பிறகு, இதை எல்லோருக்கும் எழுதிவிடலாமே என்று தோன்றியது. மகளிடம் கேட்டேன். "உன் பங்கையும் மறைக்காம எழுதுறதா இருந்தா எழுதும்மா" என்றாள். மறைக்காமல் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன் போன வருஷம் ஐப்பசியில் பிறந்தான். தலைப்பிரசவம் என்பதால் மகள் நம் வீட்டில்தான் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் நிறையச் சுரக்க வேண்டும் என்று என் அம்மா எனக்குச் செய்ததையெல்லாம் நான் அவளுக்குச் செய்தேன். காலையும் இரவும் ஒரு பெரிய டம்ளர் பூண்டுப்பால். மத்தியானம் நெய் விட்டுப் பருப்புச் சாதம், பிறகு தயிர். பால்காரரிடம் தினம் ஒரு லிட்டர் கூடுதலாக வாங்கினேன். மகள் முகத்தைச் சுளித்தாலும் டம்ளர் காலியாகும் வரை பக்கத்திலேயே நிற்பேன்.

நாலாவது வாரம் அழுகை ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது வரை ஓயாது. முஷ்டியை இறுக்கி, காலை வயிற்றோடு மடக்கி, முகம் சிவந்து அழுவான். வயிற்றுப் பொருமல் என்றார்கள். அது எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும் என்று நானும் நினைத்தேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான்.

வீட்டில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. வசம்பைச் சுட்டுத் தொப்புளைச் சுற்றித் தடவினோம். எங்கள் பெரியம்மா ஊரிலிருந்து உரைமருந்துக் கல்லையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று வரிசையாக வைத்துக்கொண்டு, "நாலு சுத்து உரைச்சு நாக்குல தடவினாப் போதும்" என்றார். யாரோ கிரைப் வாட்டர் பாட்டில் வாங்கி வந்தார்கள். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தபோது, ஒரு சங்கு கழுதைப்பால் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். மகள் வாசற்படியில் நின்றுகொண்டு, "ஆறு மாசம் வரைக்கும் என் பாலைத் தவிர எதுவும் அவன் வாய்க்குள்ள போகாது" என்று சொல்லிவிட்டாள். பெரியம்மாவுக்குக் கோபம். "நாங்க வளர்க்காத பிள்ளையா?" என்றார். நான் நடுவில் நின்றேன். உண்மையைச் சொன்னால், மனசு பெரியம்மா பக்கம்தான் இருந்தது.

ஆறாவது வாரம் ஒரு காலை, துணியை மாற்றும்போது மலத்தில் பச்சை நிறச் சளியும் நூல் போல ரத்தமும் இருந்தன. மகள் சத்தம் போடவில்லை. அந்தத் துணியை அப்படியே ஒரு பையில் வைத்து, "அம்மா, ஆட்டோவைக் கூப்பிடு" என்றாள்.

மருத்துவர் அந்தத் துணியைப் பார்த்தார். குழந்தையை எடை போட்டார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஆசனவாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். காய்ச்சல் இல்லை, எடை ஏறியிருக்கிறது, சுறுசுறுப்பாகப் பால் குடிக்கிறான், வெடிப்பும் இல்லை. பிறகு என் மகளிடம் கேட்டார்: "நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு பால், தயிர் சாப்பிடுறீங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் பெருமையாகவே பதில் சொன்னேன்.

"பசும்பால் புரதம் இவனுக்கு ஒத்துக்கலைன்னு சந்தேகப்படுறேன். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். நீங்கதான் பாலையும் பாலில் செய்த எதையும் நாலு வாரம் முழுசா நிறுத்தணும்" என்றார். இந்த வகை ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனையில் தெளிவான விடை கிடைக்காதாம். நிறுத்திப் பார்ப்பது, குறைகிறதா என்று கவனிப்பது, பிறகு மறுபடி சாப்பிட்டுப் பார்ப்பது. அதுதான் பரிசோதனை.

இங்கே கொஞ்சம் பாடம் எடுத்துவிடுகிறேன், பழக்கம் விடுவதில்லை. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ். அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். பெரியவர்கள் பலருக்கு அது குறைந்துபோவதால் பால் குடித்தால் வயிறு உப்பும். ஆனால் பிறக்கும்போதே அந்த நொதி இல்லாத குழந்தை மிக மிக அபூர்வம். தாய்ப்பாலில் பசும்பாலைவிட லாக்டோஸ் அதிகம், 100 மில்லியில் சுமார் 7 கிராம். குழந்தையின் குடல் அதற்கென்றே தயாராகித்தான் பிறக்கிறது. பேதி வந்து குடலின் உட்புறம் புண்ணானால் கொஞ்ச நாளைக்கு லாக்டோஸ் செரிக்காமல் போகலாம், பிறகு சரியாகிவிடும்.

இன்னொன்று பாலில் உள்ள புரதம். கேசின், பீட்டா லாக்டோகுளோபுலின் போன்றவை. தாய் குடிக்கும் பசும்பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலிலும் கலக்கும். சில குழந்தைகளின் உடம்பு அதைப் பகையாக நினைத்துச் சண்டை போடும். அந்தச் சண்டையில்தான் குடல் சிவந்து சளியும் ரத்தமும் வருகின்றன. ஆக, தாய்ப்பாலில் குற்றமில்லை. அம்மாவின் டம்ளரில் இருந்ததுதான் அவன் வயிற்றுக்குப் போயிருக்கிறது. அந்த டம்ளரை நீட்டிய கை என்னுடையது.

வீட்டில் சமையல் மாறியது. பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பனீர் எல்லாம் போயின. பிஸ்கட், ரஸ்க், பன், சாக்லேட், மால்ட் பானம் எல்லாவற்றிலும் பால்பவுடர் ஒளிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பாக்கெட்டின் பின்னால் மில்க் சாலிட்ஸ், வே, கேசின் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது பால்தான். தேங்காய்ப்பால் பெயரில் மட்டும்தான் பால், அதில் தடையில்லை. சுண்ணாம்புச் சத்துக்கு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அதோடு கேழ்வரகு, எள்ளுத் துவையல், முருங்கைக் கீரை, முள்ளோடு நெத்திலி என்று கொடுத்தேன்.

மகள் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டாள். இடது பக்கம் அவள் சாப்பிட்டது, வலது பக்கம் குழந்தையின் மலம், அழுகை, தூக்கம். ஒன்பதாம் நாள் "ரத்தம் இல்லை, சளி குறைவு" என்று எழுதினாள். பத்தாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. பெரியம்மாகூட, "என்னடி, பிள்ளை சத்தத்தையே காணோம்" என்றார்.

இனி என் பங்கு.

பன்னிரண்டாம் நாள். மகள் இளைத்துப்போன மாதிரி எனக்குத் தெரிந்தது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, ரசம் சாதத்தையே மூன்று வேளையும் பிசைந்துகொண்டிருந்தாள். தயிர்ச் சாதம் இல்லாமல் அவள் கை கழுவி நான் பார்த்ததே இல்லை. பெற்ற வயிறு கேட்கவில்லை. அன்று ராத்திரி ரவா தோசைக்கு மாவு கரைக்கும்போது, "ஒரு கரண்டி மோர் என்ன செய்துவிடும்?" என்று ஊற்றிவிட்டேன். தெரிந்தேதான் ஊற்றினேன். தோசை முறுகலாக வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நாலு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாளும் அதேபோல் செய்தேன்.

பதினான்காம் நாள் காலை துணியில் மறுபடியும் ரத்தம். சாயங்காலம் மறுபடியும் அந்த அழுகை.

மகள் அன்று முழுக்க நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். "நான் என்னத்தைத் தின்னேன்? சாம்பார்ப் பொடியில ஏதாவது இருக்குமா? மாத்திரையில இருக்குமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு போன் போட்டு, "பால் காரணம் இல்ல போலிருக்கு. அடுத்து முட்டை, கோதுமை, சோயா எல்லாத்தையும் நிறுத்தச் சொல்வாங்க. இல்லன்னா என் பாலே வேண்டாம்னு டின் பாலுக்கு மாத்தணும்" என்று சொல்லி அழுதாள். அடுக்களையிலிருந்து எல்லாம் எனக்குக் கேட்டது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அறிவியல் நடத்தியவள். சோதனையில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை, பார்த்ததைப் பார்த்தபடி எழுது என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள். ஆய்வக நோட்டில் விடை வருவதற்காக அளவை மாற்றி எழுதியவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றியவள். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். என் வீட்டில், என் பேரனின் உடம்பில் நடக்கும் சோதனையை நானே கெடுத்திருக்கிறேன். நான் வாயைத் திறக்காவிட்டால் மருத்துவர் தவறான முடிவுக்கு வருவார், மகள் இன்னும் நாலு உணவை விடுவாள், ஒருவேளை தாய்ப்பாலே நின்றுபோகும். எல்லாம் ஒரு கரண்டி மோரால் அல்ல, அதை நான் மறைத்ததால்.

விடியற்காலை அந்த நோட்டை எடுத்தேன். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நாள் பக்கங்களில் "ரவா தோசை" என்று அவள் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், "மாவில் மோர். ஊற்றியது அம்மா" என்று எழுதி, பால் கொடுத்துக்கொண்டிருந்தவளிடம் நீட்டினேன்.

படித்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நேத்து பூரா என்னையே திட்டிக்கிட்டிருந்தேனேம்மா, நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு நாள் அவளே சமைத்துக்கொண்டாள். நான் குழந்தைத் துணி துவைத்தேன்.

மருத்துவரிடம் நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நிறுத்தினதும் குறைஞ்சிருக்கு, தெரியாம உள்ளே போனதும் திரும்ப வந்திருக்கு. மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டிய சோதனை நடந்து முடிஞ்சிருச்சு. ஆனா இனிமே எங்கிட்டயும் உங்க பொண்ணுகிட்டயும் எதையும் மறைக்காதீங்க" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் மகள் குழந்தையை என் மடியில் கொடுத்தாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

அதன் பிறகு வீட்டில் பால் சொம்பே வேறு அலமாரிக்குப் போய்விட்டது. பேரன் ஆறு மாதத்தில் கேழ்வரகுக் கூழும் பருப்புச் சாதமும் சாப்பிடத் தொடங்கினான். பதினொன்றாம் மாதம், மருத்துவர் சொன்னபடி, பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டில் கடுகளவு தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினோம். இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று வயதுக்குள் இது விலகிவிடுகிறது. இப்போது அவனுக்குப் பதினான்கு மாதம்.

கடைசியாக, வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்களுக்குச் சில வார்த்தைகள்.

அழும் குழந்தைக்கெல்லாம் பால் ஒவ்வாமை இல்லை. நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இருந்தாலே அதிகம். எனவே நீங்களாக முடிவு செய்து பாலை நிறுத்தாதீர்கள், மருத்துவர் சொல்லட்டும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் பத்து முறை போனாலும், நாலைந்து நாள் போகாவிட்டாலும், எடை ஏறி மலம் இளகலாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை.

பச்சையாக வாந்தி, அதிக ரத்தம், வயிறு கல் போல உப்புவது, காய்ச்சல், குழந்தை துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. உடம்பில் தடிப்போடு உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ ஒரு நிமிஷமும் தாமதம் வேண்டாம்.

பசும்பால் ஆகாத குழந்தைக்கு ஆட்டுப்பால் மாற்று இல்லை, புரதங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். சாதாரண டின் பால்பவுடரும் பசும்பாலில் செய்ததுதான். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படவே கூடாது.

பாட்டிமார்களுக்கு ஒன்று. பெற்றவள் ஒரு கட்டுப்பாடு வைத்தால், அது அதிகம் என்று தோன்றினால், வாயால் சொல்லுங்கள், சண்டைகூடப் போடுங்கள். மாவில் ஊற்றாதீர்கள்.

நேற்று மத்தியானம் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். கிண்ணத்தில் நாலு பருக்கை தயிர்ச் சாதம், மருத்துவர் அனுமதித்த முதல் நாள். "அம்மா, ஒரு கரண்டி மோர்தான் விட்டிருக்கேன், நோட்டுல எழுதிட்டேன்" என்று சிரித்தாள். பேரன் ஒரு வாய் வாங்கி, முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டான்.

நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்