இடப்பக்கம்

அந்தப் பிள்ளை மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டிருந்தது என்று மனுசி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

2021 நவம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலில் பூசை முடிந்து ஹரோவிலுள்ள வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். கிறீன்ஃபோர்ட் பக்கம் ஒரு பாதசாரிக் கடவை. இடப்பக்க நடைபாதையிலிருந்து அந்தப் பிள்ளை தாயின் கையை உதறிவிட்டு இறங்கியிருக்கிறது. "ஐயோ, பிள்ளை!" என்று மனுசி கத்திய கத்தலில் என் கால் தானாகப் பிரேக்கில் போய் விழுந்தது. கார் நின்றது. தாய் ஓடிவந்து பிள்ளையை அள்ளிக்கொண்டு போனாளாம். என் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் றோட்டு. பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை.

அதற்கு இரண்டு நாளுக்கு முன்னர் பின்னந்தலையில் ஒரு வலி வந்து போனது. அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில் நிறுத்தியிருந்த ஒரு வானின் பக்கக் கண்ணாடியை இடித்துவிட்டு வந்திருக்கிறேன். என் மூக்குக்கண்ணாடிக்குப் பவர் கூடிவிட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் 1975இல் மாமாவின் ஏ-40 காரில் பழகியதிலிருந்து 46 வருடம் கார் ஓடியவனுக்கு, பிழை தன்னில் இருக்கலாம் என்ற எண்ணம் லேசில் வராது.

சனிக்கிழமை கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் பார்வைப் புலத்தைச் சோதித்து இரண்டு படம் எடுத்தாள். இரண்டு கண்ணுக்கும் இடப்பாதி ஒரே மாதிரிக் கறுப்பு. "யாராவது உங்களை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும், நீங்கள் ஓடக் கூடாது" என்றாள்.

ஆஸ்பத்திரியில்தான் விளங்கியது: என் கண்களில் ஒரு குறையும் இல்லை. இடப்பக்கம் தெரிவதைப் படமாக்கித் தருவது மூளையின் வலது பின்பகுதி. அங்கே போகும் இரத்தக்குழாயை ஒரு கட்டி அடைத்துவிட்டது. இதயம் ஒழுங்கில்லாமல் துடித்ததால் உண்டான கட்டி. பாரிசவாதம் என்றால் கை கால் இழுக்கும், வாய் கோணும் என்றுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். இந்த நாட்டு விளம்பரங்களும் முகம், கை, பேச்சு என்ற மூன்றையும்தான் பார்க்கச் சொல்கின்றன. எனக்கு மூன்றும் நன்றாக இருந்தன. திடீரென்று பார்வையில் ஒரு பக்கம் போனால் அதுவும் பாரிசவாதமாக இருக்கலாம். இதை வாசிப்பவர்கள் வேறொன்றையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்திருங்கள். கண்ணாடி மாற்றலாம் என்று நான் இருந்த இரண்டு நாளும் ஆபத்தான நாட்கள்.

"பாதி கறுப்பாகத் தெரியுமோ?" என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. உங்கள் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரிவதில்லை. அதை நீங்கள் இருட்டு என்றா உணர்கிறீர்கள்? அங்கே ஒன்று குறைகிறது என்ற நினைப்புக்கூட இல்லை. என் இடப்பக்கமும் அப்படித்தான். றோட்டு முழுதாகத் தெரிந்தது. இருட்டாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே காரை ஓரமாக நிறுத்தியிருப்பேன்.

அந்தக் குறையை நானாக முதலில் பிடித்தது வாசிப்பில்தான். தமிழ்ப் பத்திரிகையில் 'போர்' என்ற சொல் எனக்குப் 'பார்' என்று தெரிந்தது. 'கோடை' காடையானது. 'கொடு' காடானது. எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும் கொம்பைக் கண் விழுங்கிவிடுகிறது, வலப்பக்கத்து அரவு மிஞ்சுகிறது. அரைகுறையாகத் தெரிந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். பிழையாக வாசித்ததுகூட முழுச் சொல்லாகத் தெரிந்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. பிறகு வரி தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்பு அடிமட்டத்தை வைத்து, அது தெரியும்வரை கண்ணை இடப்பக்கம் தள்ளித் தள்ளி வாசிக்கப் பழகினேன்.

ஆஸ்பத்திரியால் வந்த அன்று, சுவரில் கொளுவியிருந்த கார்த் திறப்பைக் காணவில்லை. மகள் எடுத்து ஒளித்துவிட்டாள். செய்தது சரிதான். ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பெற்றோல் செட்டில் இரவு வேலை முடித்து, விடிய வந்து அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டது இந்தக் கை. பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: திறப்பை எடுக்கத்தான் வேண்டும், முன்னால் இருந்து கதைத்துவிட்டு எடுங்கள். இரண்டு கிழமை கழித்து மகள் அப்படி இருந்து கதைத்தாள். "அப்பா, அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் நீங்கள் உயிரோடு இருந்திருக்க மாட்டியள். அதுக்காகத்தான் ஒளிச்சனான்" என்றாள். மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஊர்க்காரத் தம்பி ஒருவர் பார்க்க வந்தார். "அண்ணை, உதை ஏன் போய்ச் சொல்லுறியள்? கேட்டால் பாப்பம். பேசாமல் இருந்தால் ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார். என்மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். எங்கள் சமூகத்தில் எத்தனையோ பேர் இப்படிப் பேசாமல் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பிரித்தானியாவில் பாரிசவாதம் வந்தால் ஒரு மாதம் ஓடவே கூடாது. பார்வைப் புலம் குறைந்திருந்தால் சுவான்சியிலுள்ள சாரதி அனுமதி அலுவலகமான டி.வி.எல்.ஏ.க்கு அறிவித்தே ஆகவேண்டும், மறைத்தால் 1,000 பவுண் வரை தண்டம். தண்டத்துக்குப் பயந்து நான் எழுதவில்லை. மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றை நான் காணவே இல்லை. இனி எத்தனையைக் காணாமல் விடுவேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. அதனால் எழுதினேன்.

இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்க்கும் ஒரு சோதனைக்கு அனுப்பினார்கள். எஸ்டர்மன் சோதனை என்பார்கள். நாடியைத் தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 120 இடங்களில் ஒளிப்பொட்டு மின்னும், கண்டால் பொத்தானை அழுத்தலாம். காணாததற்கும் அழுத்தினால் இயந்திரம் அதையும் எண்ணிக்கொள்ளும். ஓடுவதற்குக் கிடையாக 120 பாகையாவது தெரியவேண்டும், இரண்டு பக்கமும் 50 பாகைக்குக் குறையக் கூடாது. எனக்கு இடப்பக்கம் அனேகமாக ஒன்றுமில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் இரத்து என்று கடிதம் வந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். கண் பிரிவில் இருந்த ஒரு தாதிதான் வேறொரு வழியைச் சொன்னா. பார்வை போய்ப் பன்னிரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஒரே தடவை வந்து போன காரணமாகவோ மேலும் கூடாத நோயாகவோ இருக்க வேண்டும். இருக்கிற பார்வையோடு ஆள் முழுதாகப் பழகிவிட்டார் என்று வைத்தியர் எழுதித் தர வேண்டும். அப்போது விதிவிலக்காக ஆராய்வார்கள், றோட்டில் ஓடவிட்டும் பார்ப்பார்கள். காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மட்டும்தான். பஸ், லொறி ஓடிப் பிழைத்தவருக்கு அந்த வழியும் இல்லை.

பன்னிரண்டு மாதம் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. தண்டனை போலிருந்தது. அந்த வருடத்தில் நடந்ததைப் பார்த்தபிறகுதான், அது பன்னிரண்டு மாதத்து வேலை என்று விளங்கியது.

போன பார்வை திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் திரும்பும். எனக்குத் திரும்பவில்லை. திரும்பியது கழுத்துத்தான். முதலில் இடக்கோடிக்குப் போ, அங்கிருந்து நடுவுக்கு வா, பிறகு வலம். இதையே ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் செய்தேன். பேரன் சுவரில் கடதாசித் துண்டுகளை ஒட்டிவிட்டு, "தாத்தா, ஒன்பது இருக்கு, தேடுங்கோ" என்பான். நான் ஆறு சொல்வேன். விடுபட்ட மூன்றும் இடப்பக்கம் இருக்கும். லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழக நரம்பியலாளர்கள் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் 'ஐ-சேர்ச்' பயிற்சியையும் செய்தேன். அதுவும் பார்வையைத் தருவதில்லை, கண் தேடும் வேகத்தைக் கூட்டித் தருகிறது. ஒன்பது மணிக்குப் பிறகு ஃப்றீடம் பாஸ் என்ற இலவசப் பயண அட்டையோடு பஸ் ஏறி மேல்தட்டு முன் இருக்கையில் இருப்பேன். மரம், கடை, கடவை, சைக்கிள் என்று இடப்பக்கத்தில் உள்ளதை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போவேன். 46 வருடம் ஓடியபோதும் நான் றோட்டை இப்படிப் பார்த்ததில்லை. திறமை என்று நான் நம்பியிருந்ததில் பெரும் பங்கு, மூளை கேட்காமலே செய்து தந்த உதவி.

2023 வசந்தத்தில் றோட்டுச் சோதனை. முதலில் 20 மீற்றரில் இலக்கத்தகடு வாசிப்பித்தார்கள். பிறகு இரட்டைப் பெடல் உள்ள கார். பக்கத்தில் பயிற்சியாளர், பின்னால் குறிப்பெழுதும் தொழில்வழிச் சிகிச்சையாளர். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கழுத்து நொந்தது. முடிந்தபின் அந்தச் சிகிச்சையாளர் சொன்னதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. இடப்பக்கத்தில் ஒன்றையும் விடவில்லையாம். இரண்டு சந்தியில் வலப்பக்கம் பார்க்கத்தான் பிந்திவிட்டேனாம். "குறையைத் தேடும் அவசரத்தில், நன்றாக இருக்கிற பக்கத்தைக் கவனிக்காமல் விடாதீர்கள்" என்றார். சில கிழமைகளில் அனுமதிப்பத்திரம் வந்தது.

என்னோடு பாரிசவாதக் குழுவுக்கு வந்த ஒரு நண்பருக்குக் கிடைக்கவில்லை. அவர் என்னைவிடக் குறைய உழைக்கவில்லை. சோதனைக் காரில் அவரே பாதியில் நிறுத்தச் சொல்லித் திறப்பைக் கொடுத்துவிட்டார். அன்று அவர் செய்தது நான் செய்ததைவிடப் பெரிய காரியம். வியாழக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வெம்பிளிக்குப் போய்த் தோசை சாப்பிடுகிறோம்.

இரவில் நான் ஓடுவதில்லை, மோட்டார்வேயிலும் இல்லை. சட்டம் தடுக்கவில்லை, நானே வைத்த எல்லை. களைப்பாக இருந்தால் கழுத்து சோம்பல்படும், அன்றைக்குத் திறப்பு சுவரிலேயே இருக்கும்.

இந்த நாட்டுக் காரில் மனுசி இருப்பது என் இடப்பக்கம். நேரே பார்த்தால் அவா எனக்கில்லை, குரல் மட்டும் வரும். லைசன்ஸ் வந்தபின் முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். சந்தி, கடவை, பஸ் தரிப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் தலையைத் திருப்ப, முதலில் அவா தெரிவா, அவாவுக்கு அப்பால் நடைபாதை தெரியும். கிறீன்ஃபோர்ட் கடவையில் ஒரு கிழவர் தள்ளுவண்டியோடு நின்றார். கண்டு நிறுத்தினேன். அவர் கடந்து முடியுமட்டும் மனுசி கைப்பையை மடியில் வைத்துப் பிடித்தபடி இருந்தா. கார் வெளிக்கிட்ட பிறகுதான் பிடியைத் தளர்த்தினா.