ஏலக்காயும் ஏலமும்



போன வாரம் அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். பழைய நாணயம், தபால்தலைகளை ஈபேயில் ஏலம் விடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஏலம் முடியுற மாதிரி போடுவேன் சார். அப்பத்தான் எல்லாரும் வீட்ல இருப்பாங்க, நாலு பேர் போட்டி போடுவாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். போனை வைத்ததும் என் தம்பி ஞாபகம் வந்துவிட்டது.

நமக்கு ஏலம் என்றால் போடிதான். காய்க்கும் ஏலம் என்று பெயர், அதை விற்பதற்கும் ஏலம் என்று பெயர் என வகுப்பில் சொல்லியிருக்கிறேன். காயின் பெயர் பழைய தமிழ். விற்பனைக்கு வந்த பெயர் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். போடியில் ஸ்பைசஸ் போர்டு 2007-இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. அதுவரை வாய்விட்டு விலை கேட்ட வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். 2021 ஏப்ரலில் போடியையும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியையும் இணைத்தார்கள். இரண்டு ஊர் வியாபாரிகளும் ஒரே நேரத்தில் கேட்கலாம். கேட்கிற ஆள் கூடினால் விலையும் கூடும் என்பதுதான் கணக்கு.

தம்பிக்கு மலை மேல் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். சுமார் ஐந்து கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தினால் ஒரு கிலோ கிடைக்கும். அவ்வளவு பாடு.

பல வருடத்துக்கு முன்பு, என் மகள் கல்யாணம் தை மாதத்தில் என்று முடிவானது. நகைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். தம்பியிடம் இரண்டு எடுப்புக் காய் இருந்தது. "தீபாவளிக்கு முன்னாடி போட்டுரு தம்பி. வடநாட்டுக்காரன் ஏலக்காய் இல்லாம பலகாரம் செய்ய மாட்டான், விலை எகிறும்" என்று நான்தான் சொன்னேன். அவன் தயங்கினான். "கொஞ்சம் பொறுப்போம்ணே" என்றான். ஆனால் அண்ணன் பேச்சை, அதிலும் வாத்தியார் பேச்சை, அவன் தட்டியதில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது இருவரும் போடிக்குப் போனோம். பட்டியல் நீளமாக இருந்தது. என்னைப் போலவே பண்டிகைச் செலவுக்கு எல்லோரும் சரக்கைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். எங்கள் லாட் கடைசிப் பக்கம். அது வருவதற்குள் பாதி நாற்காலி காலி. காலையில் அதே பருமன் காய் போன விலையை எங்கள் காய் நெருங்கவே இல்லை. விலை பிடிக்காவிட்டால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தம்பி என் முகத்தைப் பார்த்தான். "விட்டுரு" என்றேன்.

திரும்பி வருகையில் தேனியில் பஸ் மாறி, கடமலைக்குண்டு வரும்வரை அவன் பேசவில்லை. பிறகு மெதுவாக ஒன்று சொன்னான். "அண்ணே, சரக்கு வடநாட்டுக் கடைக்குப் போய்ச் சேர நாளாகும்ல?"

அவ்வளவுதான். தீபாவளிக்கு வேண்டிய காயை வியாபாரி வாரக்கணக்கில் முன்னாலேயே வாங்கி முடித்திருந்தான். எனக்கு அது தோன்றவில்லை. ஏலத்தில் விற்றவுடன் பணம் கைக்கு வராது என்பதும் அன்றுதான் உறைத்தது. பணம் தீபாவளி முடிந்துதான் வந்தது.

விற்பவனுக்குப் பணம் தேவைப்படும் நாளும் வாங்குபவனுக்குச் சரக்கு தேவைப்படும் நாளும் ஒன்றல்ல. ஞாயிறு சாயங்காலம் நம் மாணவருக்குச் சரிப்படுவது வாங்குபவர்கள் அப்போது ஓய்வாக இருப்பதால். நம் காய்க்கு அந்த நாள் தீபாவளிக்குச் சில வாரம் முன்பு, வளைகுடா நாடுகளின் ரம்ஜானுக்கு முன்பு, வடநாட்டுக் கல்யாண சீசனுக்கு முன்பு.

அதற்காக உச்சத்துக்கென்று காத்திருக்கவும் கூடாது. 2018 வெள்ளத்தில் செடிகள் அழிந்து, அடுத்த கோடையில் வறட்சியும் சேர்ந்து, 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அது ஒரு சில லாட்டுக்குக் கிடைத்த விலை. அன்றைய சராசரி மிகவும் குறைவு. இன்னும் ஏறும் என்று மூட்டையைப் பூட்டி வைத்தவர்களுக்குக் காயின் பச்சை நிறம்தான் மங்கியது. 2022-இல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஆகவே, தோட்டம் வைத்திருக்கும் மாணவர்களே, சரக்கைப் பிரித்து மூன்று நான்கு ஏலத்தில் போடுங்கள். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கலாம்.

ஆனால் நேரம் பார்த்து விற்க முதலில் பொறுக்க முடிய வேண்டும். வட்டிக்கு வாங்கியவனும் முன்பணம் வாங்கியவனும் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பான்? அன்று தம்பிக்குக் கடன் இல்லை. அவனுக்குக் கடனாக வந்தது என் அவசரம்தான். கடைசிவரை அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. அவன் போய் மூன்று வருடம் ஆகிறது.

இப்போது தோட்டத்தை அவன் மகன் பார்க்கிறான். போன மாதம் வந்து, "பெரியப்பா, பாப்பாவுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். இருக்கிற காயை மொத்தமா இந்த வாரமே போட்டுரவா?" என்று கேட்டான். பீஸை என் பென்ஷனில் கட்டிவிட்டேன். காயை அவன் பொறுத்து, பிரித்துப் போடட்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா,
வருசநாடு