அசால்ட் சேது சிரிக்கவே இல்லை

ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டுகிறவன் நான். சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு சுற்றுவட்டாரத்தில் சாமி கும்பிடுக்கு நாடகம் வைத்தால், ராஜபார்ட்டுக்கு முன்னால் மேடையேறிக் கூட்டத்தைப் பிடித்து உட்காரவைப்பது பபூன்தான். எங்களுக்கு ஒத்திகை கிடையாது. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சந்திக்கிறோம். எது சிரிப்பாகும், எது ஆகாது என்பதை ஜனங்களின் முகம் பார்த்தே படிக்க வேண்டும்.

அப்படிப் படித்தவன் கண்ணுக்கு, கார்த்திக் சுப்புராஜின் 'ஜிகர்தண்டா' (2014) ஒரு பாடப்புத்தகம். மதுரை ரவுடி அசால்ட் சேதுவின் கதையைப் படமாக்க ரகசியமாக விவரம் சேர்க்கிறான் ஓர் இளம் இயக்குநர். விஷயம் தெரிந்த சேது, தானே கதாநாயகனாக நடிப்பேன் என்று நிற்கிறான். அடியாட்களோடு சேர்த்து அவனுக்கு நடிப்புப் பயிற்சி நடக்கிறது. படம் திரைக்கு வந்ததும் தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கிறது. இவனோ தன்னை வீரன் என்று நம்பி நடித்தவன்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் பாபி சிம்ஹா எந்த இடத்திலும் காமெடி பண்ணாததுதான். சேதுவுக்குத் தன் நடிப்பில் துளி சந்தேகமும் இல்லை. சிம்ஹா அந்த நம்பிக்கையை விட்டு இம்மியும் நகரவில்லை. எங்கள் மேடையிலும் இதுதான் முதல் பாடம். பபூன் தானே சிரித்துவிட்டால் கூட்டம் சிரிக்காது. சிறந்த துணை நடிகர், சிறந்த படத்தொகுப்பு என இரண்டு தேசிய விருதுகள் இந்தப் படத்துக்குக் கிடைத்தன. இரண்டும் பொருத்தம் என்பேன். எடிட்டர் விவேக் ஹர்ஷன் அந்த முகத்தை எங்கே வெட்டினார், எவ்வளவு நேரம் விட்டுவைத்தார் என்பதிலும் பாதிச் சிரிப்பு இருக்கிறது. அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் போச்சு. மேடையில் அந்தக் கணக்கை மிருதங்கக்காரர் பார்த்துக்கொள்வார்.

'தமிழ்ப் படம்' (2010) வேறு ரகம். கதாநாயகனின் அறிமுகக் காட்சி, ஒரே பாட்டில் பணக்காரனாவது என்று சினிமாவின் வழக்கங்களையே கேலி செய்தது. எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அதில் கேலிக்கு ஆளாவது வழக்கங்கள், மனுசன் இல்லை. 'ஜிகர்தண்டா' ஒரு மனுசனின் புகழாசைக்குள்ளேயே போகிறது. ஊரே பயந்து ஒதுங்கும் ஒருவனுக்கு, ஊர் தன்னை ரசிக்க வேண்டும் என்ற ஏக்கம்! தியேட்டரில் சிரிப்பு வெடிக்கும்போது எனக்குச் சேதுமேல் இரக்கம் வந்தது. நையாண்டியில் அதைக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

என் மேடையிலும் அந்தக் கஷ்டம் உண்டு. எங்கள் பக்கம் காதுகுத்து, சடங்கு என்றாலே வீட்டு ஆட்களின் படத்தோடு நடிகர் படமும் சேர்ந்து ஃப்ளெக்ஸில் நிற்கும். அதை நான் மேடையில் கேலி செய்வதுண்டு. ஃப்ளெக்ஸில் இருக்கிற பையன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். அந்தப் பெரிய கூலிங் கிளாஸையும், பேருக்கு முன்னால் போட்டிருக்கும் பட்டத்தையும்தான் கிண்டல் பண்ணுவேன். அவன் அம்மா கடன் வாங்கி ஃப்ளெக்ஸ் வைத்ததை எடுக்கவே மாட்டேன். அவன் சிரிக்கிறானா என்று பார்த்துக்கொண்டேதான் அடுத்த வசனத்துக்குப் போவேன். அவன் முகம் சுருங்கினால், மீதிக் கூட்டம் எவ்வளவு கைதட்டினாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஆர்மோனியக்காரரிடம் பாட்டை எடுக்கச் சொல்லிவிடுவேன்.