ஐயாற்றங்கரை அறப்பளீசுவரர்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாக ஓங்கி நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஓரம்பினால் வீழ்த்திய அவனது வில்லாற்றலைப் புறநானூற்றில் வன்பரணர் போற்றுகின்றார். இம்மலையின் பெயரையே தாங்கிய பண் ஒன்றும் உண்டு. சூலைநோய் நீங்கத் திருவதிகையில் அப்பர் பெருமான் அருளிய முதற் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்ததே. இத்தகைய மலையின்மீது, ஐயாற்றின் கரையில், அறம்வளர்த்த நாயகியுடன் எழுந்தருளியிருக்கின்றார் அறப்பளீசுவரர். தேவாரத்தில் பெயர் சுட்டப்பெறும் வைப்புத்தலங்களுள் இதுவும் ஒன்று.

மலைத்தலம் என்றதும் முதியோர் பலர் தயங்குவர். வெள்ளியங்கிரிக்கு ஏழு மலைகளைக் கடக்க வேண்டும். சதுரகிரிக்கும் நடந்தே ஏற வேண்டும். கொல்லிமலையிலோ திருக்கோயிலின் அருகு வரை வாகனம் செல்லும். ஆகவே, மலைப்பயணமே அறியாத வயது முதிர்ந்த தம்பதியர் முதன்முதலாகச் சென்று வருவதற்கு ஏற்ற தலம் இது. நானும் என் இல்லாளும் அவ்வாறே சென்றோம்.

எழுபது வளைவுகள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகச் சென்றால் அடிவாரமாகிய காரவள்ளியை அடையலாம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கிறது. வளைவுக்கொரு முறை ‘நமசிவாய’ என்று சொல்லிக்கொண்டே சென்றதில் வழியின் நீளம் தெரியவில்லை. வெறும் வயிற்றுடனும் ஏறலாகாது. வயிறு நிறைய உண்டும் ஏறலாகாது. சிற்றுண்டி அளவோடு கொண்டு, முன்னிருக்கையில் அமர்ந்து, கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது நலம். இடையே இரண்டு மூன்று முறை வண்டியை நிறுத்தி இளைப்பாறினால் தலைச்சுற்றல் அணுகாது.

மேலே சென்றதும் காற்றே மாறிவிடுகிறது. ஓங்கிய மரங்களைப் பற்றியேறும் மிளகுக் கொடிகள், காப்பிச் செடிகள், பலா, வாழை, அன்னாசி என மலை முழுதும் பசுமை. மலையின் முக்கிய ஊராகிய செம்மேட்டில் ஓரியின் சிலை நிற்கின்றது.

மீன்கள் வாழும் ஐயாறு

நிலத்தை உழுதபோது கொழு பட்டுக் குருதி பெருகியதால் வெளிப்பட்ட சுயம்பு மூர்த்தி இவர் என்பது தலவரலாறு. இங்குள்ள ஐயாற்று மீன்களையும் இறைவன் வடிவாகவே கருதுகின்றனர். முன்னொரு காலத்தில் சிலர் மீன்களைப் பிடித்து அறுத்துச் சமைக்க முற்பட, அவை மீண்டும் உடல் பொருந்தி உயிர்பெற்று ஆற்றில் துள்ளிக் குதித்தனவாம். இன்றும் அடியார்கள் மீன்களுக்குப் பொரியிட்டு வணங்குகின்றனர். அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் இப்பெருமானையே முன்னிறுத்தி அறங்களைக் கூறும் நூலாகும்.

இறங்கும் படிகள்

கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. அருவியின் உயரம் ஏறத்தாழ 300 அடி; படிகளோ ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. இங்கு முதியோர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பிற மலைகளில் ஏறும்போது களைப்பு வந்தால் பாதியிலேயே திரும்பி இறங்கிவிடலாம். இங்கோ இறங்குவது முதலில். களைத்த பிறகே ஏற வேண்டும். இறங்கும்போது முழங்கால் பொறுத்துக்கொண்டாலும், ஏறும்போது மூச்சு பொறுக்குமா என்பதை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

என் இல்லாளுக்குக் கங்கையில் நீராட வேண்டும் என்பது நெடுநாளைய வேட்கை. பிள்ளைகளின் படிப்பு, திருமணம் என ஒவ்வொன்றாக வந்து காசிப் பயணம் தள்ளிக்கொண்டே போயிற்று. பின்னர் முழங்கால் வலி வந்துவிட்டது. ஆகாய கங்கையிலாவது நீராடுவோம் என்றே அவள் வந்திருந்தாள். படிகளின் தலைப்பில் நின்று கீழே நோக்கியவள், சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்கள் போய் நீராடி வாருங்கள். நான் சந்நிதியிலேயே இருக்கிறேன்” என்றாள்.

“காசிக்குப் போயிருந்தால் தனியாகவா முழுகியிருப்பேன்?” என்றேன். இருவருமாக ஆற்றங்கரைக்குத் திரும்பினோம்.

அங்கே பொரி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்கள் முகத்தைக் கண்டு விவரம் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். “அம்மா, இந்தத் தண்ணிதான் அங்கே போயி அருவியாக் கொட்டுது. கொட்டறதுக்கு முன்னாடி சாமியைப் பார்த்துட்டுத்தான் போகுது” என்றார்.

உண்மைதான். கோயிலருகே ஓடும் ஐயாறே கீழே ஆகாய கங்கையாக வீழ்கின்றது. இல்லாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றில் இறங்கி, முழங்கால் நனைய நின்று, இரு கைகளாலும் நீரை முகந்து மும்முறை தலையில் தெளித்துக்கொண்டாள். பிறகு என் தலையிலும் தெளித்தாள். அன்று சந்நிதியில் தீபாராதனை கண்டபோது அவள் விழிகளில் நீர் நிறைந்திருந்தது. முகத்தில் குறையேதும் இல்லை.

செல்வோர் கவனத்திற்கு

மறுநாள் எட்டுக்கை அம்மனைத் தரிசித்தோம். சங்கப் பாடல்கள் கூறும் கொல்லிப்பாவையாகவே இவ்வன்னையை மக்கள் வழிபடுகின்றனர். சீக்குப்பாறைக் காட்சிமுனையிலிருந்து மலைச்சரிவுகளைக் காண்பதும் இனிது.

ஆடிப்பெருக்கை ஒட்டி ஓரி விழா நடைபெறுவதால் அப்போது கூட்டம் மிகும்; முதியோர் மற்ற நாட்களில் செல்வதே உகந்தது. மழைக்காலத்தில் படிகளும் பாறைகளும் வழுக்கும். இரவில் குளிரும் என்பதால் கம்பளி ஆடை வேண்டும். நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயுமுன் வளைவுகளைக் கடந்து கீழே இறங்கிவிடுவது நன்று.

உடல் அனுமதிக்கும் அளவே யாத்திரை. எட்டிய மட்டும் சென்று வணங்கினாலும், எட்டாததையும் சேர்த்தே அருளுபவன் இறைவன். அறம்வளர்த்த நாயகி உடனுறை அறப்பளீசுவரரின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக!