பின்னொட்டு யாருக்கு?



சென்ற பள்ளி விடுமுறையில், என் மாணவர்களின் கட்டுரைகளை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் சிறு நிரல் ஒன்றை ஜாவா மொழியில் எழுத முற்பட்டேன். அதற்கு அப்பாச்சியின் 'இ.சி.எஸ்.' என்னும் பழைய நிரலகம் கைகொடுத்தது. எச்.டி.எம்.எல். குறிகளைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு குறிக்கும் அதில் ஒரு 'வகுப்பு' உண்டு. ஆம், நிரலாளரும் அதனை வகுப்பு என்றே அழைக்கின்றனர்!

அங்குப் பெயரிடும் முறை எளிமையானது. குறியின் பெயரே வகுப்பின் பெயர். அட்டவணைக்கு 'டேபிள்', பத்திக்கு 'பி', தலைப்புக்கு 'எச்1'. ஆனால் 'ஆப்ஜெக்ட்' என்னும் குறிக்கு மட்டும் 'ஆப்ஜெக்ட்எலிமென்ட்' என்று ஒரு பின்னொட்டு. ஜாவாவில் எல்லா வகுப்புகளுக்கும் மூதாதையான வகுப்பின் பெயர் 'ஆப்ஜெக்ட்'. அதே பெயரை இன்னொன்றுக்கும் சூட்டினால் எது எதுவெனக் குழப்பம் நேரும். ஆகவே பின்னால் வந்தது தன் பெயரை மாற்றிக்கொண்டது.

இதைப் படித்தபோது என் நான்காம் ஆண்டு வகுப்பு நினைவுக்கு வந்தது. அங்கு ஒரே பெயரில் இரு மாணவிகள். ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவளை அடையாளத்திற்காகச் 'சின்ன' என்ற சொல்லைச் சேர்த்து அழைத்தேன். மற்றவர்களும் அவ்வாறே அழைத்தனர். ஒருநாள் அவளுடைய தாயார் பயிற்சிப் புத்தகத்துடன் வந்தார். அட்டையில் அவளே தன் பெயரைச் 'சின்ன' என்று தொடங்கி எழுதியிருந்தாள். "டீச்சர், நாங்கள் வைத்த பெயர் இதுவல்லவே" என்றார். என்னால் பதில் கூற இயலவில்லை.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1998-இல் வெளியிட்ட 'டாம்' தரத்தில் வேறு வழி உண்டு. அங்கு டேபிளுக்கும் 'எலிமென்ட்' என்ற பின்னொட்டு. ஆப்ஜெக்ட்டுக்கும் அதே பின்னொட்டு. பெயர்கள் நீளமானவைதாம், தட்டச்சு செய்யக் கை வலிக்கும். ஆனால் எந்த ஒன்றும் தனித்து நிற்பதில்லை.

மறுநாளே இரு மாணவியரையும் அவரவர் தந்தையின் பெயரையும் சேர்த்து அழைக்கத் தொடங்கினேன். முதலில் வந்தவள், "எனக்கு ஏன் டீச்சர்?" என்று கேட்டாள். "இருவருக்கும் ஒரே விதி, அம்மா" என்றேன்.

புதிய பயிற்சிப் புத்தகத்தின் அட்டையில் 'சின்ன' இல்லை.

பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் இத்தகைய பின்னொட்டு யாருக்கேனும் உண்டா? ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை