கடலில் இரண்டு நாள், கோர்ட்டில் இரண்டரை வருடம்

பத்திரப் பதிவுத் துறையில் காலம் தள்ளியவனுக்குப் பாய்மரப் படகுப் போட்டியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அமெரிக்கா கோப்பையின் கதையைப் படித்துப் பாருங்கள். அதில் காற்றை விடப் பத்திரம்தான் அதிகம் வீசுகிறது!

1851ல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற படகு ஒரு வெள்ளிக் கோப்பையை வென்றது. 1857ல் அதன் சொந்தக்காரர்கள் கோப்பையை நியூயார்க் படகுச் சங்கத்துக்குத் தானமாகக் கொடுத்து ஒரு பத்திரமும் எழுதினார்கள். நாடுகளுக்கிடையே நட்புடன் போட்டி நடக்கவேண்டும் என்பது நோக்கம். அவர்களில் கடைசியாக உயிரோடிருந்த ஜார்ஜ் ஸ்கைலர் 1887ல் அதைத் திருத்தி எழுதினார். இன்றுவரை அதுதான் மூலப் பத்திரம்.

நம் ஊர் அறக்கட்டளை மாதிரிதான். கோப்பையை ஜெயித்தவர் அதற்குச் சொந்தக்காரர் இல்லை, தர்மகர்த்தா. சண்டை வந்தால் நியூயார்க் மாநில சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகவேண்டும். பெயர்தான் சுப்ரீம் கோர்ட், அந்த மாநிலத்தில் அது கீழ்க் கோர்ட். அதற்கு மேலே இரண்டு படி இருக்கிறது.

2007ல் கோப்பை ஜெனீவா சங்கத்திடம் இருந்தது. கடலே இல்லாத சுவிட்சர்லாந்து! அந்த அணியின் முதலாளி எர்னஸ்டோ பெர்டரெல்லி, மருந்துத் தொழிலில் பெரும் செல்வந்தர். அடுத்த போட்டிக்குச் சவால் விட்ட ஒரு ஸ்பானிய சங்கத்தை உடனே ஏற்றுக்கொண்டார். அந்தச் சங்கம் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பெர்டரெல்லிக்கு வசதியான விதிகளை எழுதவே அது பிறந்தது என்று குற்றம் சாட்டி, ஆரக்கிள் கம்பெனியின் லாரி எலிசனுடைய சங்கம் வழக்குப் போட்டது.

வழக்கு எதில் நின்றது தெரியுமா? ஒரே ஒரு சொல்லில். சவால் விடும் சங்கம், ஆண்டுதோறும் கடலில் பந்தயம் 'நடத்தும்' சங்கமாக இருக்கவேண்டும் என்பது பத்திரத்தின் நிபந்தனை. ஏற்கெனவே நடத்தியிருக்க வேண்டுமா, இனிமேல் நடத்தினால் போதுமா?

நம் தமிழிலும் இதே சிக்கல் உண்டு. 'அன்னதானம் நடத்தும் மடம்' என்றால் நேற்றுவரை நடத்தியதா, நாளை நடத்தப் போவதா என்று கேட்கலாம். அதனால்தான் பழைய பத்திர எழுத்தர்கள் 'நடத்திவரும்' என்று எழுதுவார்கள். அந்த 'வரும்' பின்னால் எத்தனையோ கோர்ட் செலவை மிச்சம் பிடிக்கும்.

கீழ்க் கோர்ட் எலிசன் பக்கம் தீர்ப்பளித்தது. 2008ல் அப்பீலில் அது தலைகீழானது. 2009 ஏப்ரலில் மாநிலத்தின் உச்ச அமர்வு ஒருமனதாக, சவால் விடுமுன் ஒரு பந்தயமாவது நடத்தியிருக்கவேண்டும் என்று முடித்தது. பிறகு போட்டி எங்கே என்று ஒரு வழக்கு. பெர்டரெல்லி சொன்ன ராஸ் அல் கைமா, பத்திரத்தில் குளிர்காலத்துக்கு விலக்கப்பட்ட வடகோளத்தில் இருந்ததால் தள்ளுபடி ஆனது. கடைசியில் 2010 பிப்ரவரி 12, 14 தேதிகளில் ஸ்பெயினின் வலென்சியாவில் இரண்டே பந்தயம். 68 மீட்டர் உயர இறக்கைப் பாய் கட்டிய எலிசனின் படகு இரண்டிலும் ஜெயித்தது.

இது முதல் தடவையும் இல்லை. 1988ல் நியூசிலாந்தின் மைக்கேல் ஃபே, பத்திரம் அனுமதித்த அதிகபட்ச அளவில், நீர்மட்டத்தில் 90 அடி நீளத்துக்கு ஒரு படகு கட்டிவந்தார். சான் டியாகோ சங்கம் இரட்டை உடல் கொண்ட சின்ன, வேகமான படகை இறக்கி எளிதாக ஜெயித்தது. கீழ்க் கோர்ட் கோப்பையை நியூசிலாந்துக்குக் கொடுத்தது, மேல் கோர்ட் திருப்பி வாங்கியது, 1990ல் கடைசித் தீர்ப்பும் சான் டியாகோவுக்கே. இரட்டை உடல் கூடாது என்று பத்திரத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான் அவர்கள் வாதம்.

சட்டப்படி சரிதான். எல்லை, அளவு, தேதி இவற்றைப் பத்திரத்தில் எழுதலாம், கோர்ட் காப்பாற்றித் தரும். 'நட்புடன்' என்றும் எழுதலாம். ஆனால் அதை எந்த அமீனா போய் அமல்படுத்துவார்? சொத்துக்காகக் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பிகளை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். டிக்ரி கைக்கு வரும், பேச்சு வார்த்தை திரும்பி வராது.

இதே கோப்பைக்கு சர் தாமஸ் லிப்டனும் ஆசைப்பட்டார். நம் தமிழ்ச் சனங்கள் கொழுந்து கிள்ளிய இலங்கை ஹப்புத்தளைத் தேயிலையால் பெரும் பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தின் கதை வேறு, இன்னொரு நாள் எழுதுகிறேன். அவருக்கு முன்னால் 1895ல் டன்ரேவன் பிரபு, எதிராளி ஏமாற்றினார் என்று புகார் சொல்லிக் கசப்போடு போயிருந்தார். லிப்டன் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை 'ஷாம்ராக்' படகுகளோடு வந்தார். ஐந்து முறையும் தோற்றார், சிரித்துக்கொண்டே திரும்பினார். கடைசித் தோல்விக்குப் பிறகு அமெரிக்க மக்கள் தாங்களே காசு சேர்த்து அவருக்கு ஒரு தங்கக் கோப்பை கொடுத்தார்கள்.

அந்தக் கோப்பைக்குப் பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.