கீழ் லூப்

ஜூலை 4, வெள்ளி

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஸ்பீச் தெரபி மேடம் அனுப்பிய ஏழு வீடியோக்களில் முதலாவது, மொத்தம் 2 நிமிஷம் 10 விநாடி. இருபது நிமிஷம் போராடியும் பாதிதான் ஓடியது. அப்பா கட்டிலில் தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, வட்டத்தைத்தான் பார்த்தார்.

வாதம் வந்து இன்றோடு ஐந்து வாரம். கால் கொஞ்சம் தேவலை, வலது கை இன்னும் மடியில் வைத்த இடத்தில் கிடக்கிறது. பேச்சு அறவே இல்லை. "நாம சொல்றது புரியும், அவருக்குச் சொல்ல வராது" என்றார் மதுரை டாக்டர். போனில் காட்டினால் திரை சின்னது, அவருக்கு உதடு தெரியவில்லை. என் ஆபீஸ் லேப்டாப்பில் வீடியோ எதுவும் திறக்காதபடி பூட்டு. மிச்சம் 2012-இல் தங்கச்சி படிப்புக்கு வாங்கிய இந்தக் கம்ப்யூட்டர்தான். ஆபீஸில் ஆகஸ்ட் பதினேழு வரை வீட்டிலிருந்தே வேலை கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அதில் பாதி வட்டம் பார்ப்பதில் போகும் போலிருக்கிறது.

ஜூலை 5

லைன்காரத் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தார், தன் போனில் வேகம் பார்த்தார். 40-க்கு 38 வருகிறது. அதே வீடியோவை அவர் போனில் போட்டதும் வெண்ணெய் மாதிரி ஓடியது.

"லைன்ல ஒண்ணும் இல்லக்கா. உங்க பொட்டிதான் கிழடு."

அப்பா தலையைத் திருப்பி அந்தத் தம்பியைப் பார்த்தார். கிழடு என்றது உறைத்ததோ என்னவோ.

ஜூலை 8

இன்று சத்தம் மட்டும். படம் கறுப்பு.

ஜூலை 9

ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் எதுவுமே திறக்கவில்லை, எந்தப் பக்கத்துக்குப் போனாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்கிறது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பயந்து பாஸ்வேர்டையெல்லாம் மாற்றினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கிற தம்பி போனிலேயே கேட்டார்: "அக்கா, மூலைல தேதி என்ன காட்டுது?"

2012 ஜனவரி 1.

போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டு, அது செத்துவிட்டதாம். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும் என்றார். கிடைத்தது, 40 ரூபாய். ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது, அதில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2012-இல் உட்கார்ந்திருக்கிற மெஷினுக்கு 2025-இல் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நம்ப மாட்டேன் என்கிறது. அது பார்வைக்கு அது சரி.

2012 ஜனவரி என்றால் அப்பா சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் ரூமில் இருந்த காலம். அந்த வருஷக் கடைசியில்தான் கொட்டகைக்கு டிஜிட்டல் வந்து, அவருடைய இரண்டு மெஷினையும் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

சர்வீஸ் தம்பி வீட்டுக்கே வந்தார். பக்கத்தைத் திறந்து ஊதியதும் அம்மா இருமிக்கொண்டே வெளியே போய்விட்டாள். ஃபேனில் பஞ்சு மெத்தைக்கு ஆகிற அளவு தூசி. படம் கறுப்பாக வந்ததற்குக் காரணம் கிராபிக்ஸ் டிரைவராம். விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்டது இந்தப் போர்டுக்கு ஒத்துவரவில்லை. அதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டார். படம் வந்தது, ஆனால் கால் உடைந்தவன் படி ஏறுவது மாதிரி விட்டு விட்டு.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஓடுகிற வீடியோ மேலேயே வலது கிளிக் செய்து, கடைசியில் இருக்கிற 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தட்டினார். ஒரு கறுப்புச் சீட்டு விழுந்தது. 'பஃபர் ஹெல்த்' 40 விநாடி, அதாவது நெட்டிலிருந்து வரவேண்டியது முன்கூட்டியே வந்து குவிந்துகிடக்கிறது. பக்கத்திலேயே, 1,800 பிரேமில் 1,100-க்கு மேல் 'டிராப்ட்'. வந்து சேர்ந்ததைப் பிரித்துத் திரையில் காட்ட மெஷினுக்குத் தெம்பில்லை.

வீடியோவைச் சுருட்டி அனுப்பப் பல முறைகள் இருக்கின்றன. இது வந்தது விபி9 என்கிற முறையில். அது வெளியானது 2013. இந்தப் பெட்டி அதற்கு ஒரு வருஷம் மூத்தது. இதிலிருக்கிற கிராபிக்ஸ் சில்லுக்கு 2003-இல் வந்த எச்.264-ஐ அவிழ்க்கத் தெரியும், விபி9-ஐத் தெரியாது. அதனால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில். தரத்தை 360-க்கு இறக்கினால் ஓடத்தான் செய்கிறது, ஆனால் மேடத்தின் நாக்கு பல்லைத் தொடுகிறதா அண்ணத்தைத் தொடுகிறதா என்று தெரியாது. அதற்குத்தானே வீடியோ? தம்பி பிரவுசரில் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் போட்டார். எனக்கு எச்.264-ஐ மட்டும் கொடு என்று தளத்திடம் கேட்டு வாங்குகிற சாமான். "1080 வேணாங்கா. உங்க மானிட்டரே 1366-க்கு 768தான். 720 வச்சாலே நிறைய."

டிராப்ட், 3.

கைதட்டினேன். அம்மா தம்பிக்குச் சுக்குமல்லிக் காப்பி கொடுத்தாள். பத்து நாளில் முதல் தடவையாக வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் சிரித்தோம். நாலு பேர் என்றுதான் எழுதுகிறேன், அப்பாவின் இடது பக்கத்து உதடு ஏறியது.

ஜூலை 15

ஃபேன் சத்தத்தில் மேடம் குரல் அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன், 900 ரூபாய். கம்ப்யூட்டரில் ப்ளூடூத் கிடையாது, அதற்கு ஒரு டாங்கிள் 250. ஸ்பீக்கரைத் தலைமாட்டிலேயே வைத்தாயிற்று. கணீரென்று கேட்கிறது.

ஜூலை 16

வீடியோ ஓடுகிறது, இவர் செய்ய மாட்டேன் என்கிறார்.

ப. ம. இரண்டு உதட்டையும் சேர்த்துத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். மேடம் சொல்லிக் காட்டுகிறார், அப்பா இரண்டு தடவை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். தாடையைப் பிடித்துத் திருப்பினேன். இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார். வலிக்கிற மாதிரி.

"பிடிவாதம்டி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன்" என்றாள் அம்மா.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் காற்று. இந்தப் பக்கத்தில் ஆடி என்றால் தகரத்தையே பறக்கவிடும். எங்கோ கேபிள் அறுந்து லைன் ஊசலாடுகிறது, திரும்பவும் வட்டம். மேடத்தின் வீடியோவை நானும் விட்டுவிட்டேன். அப்பாவுக்காக ஒரு பழைய படம் போட்டேன். பத்து நிமிஷம் ஓடி நின்றது.

வட்டத்தைப் பார்த்தபடி அம்மா சொன்னாள்: "பொட்டி வரல."

1973, உலகம் சுற்றும் வாலிபன். எங்கள் கொட்டகையில் அப்பா அப்போது எடுபிடி, இருபத்திரண்டு வயசு. ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைகள் பங்கு போட்டு ஓட்டினார்கள். இங்கே ஆட்டம் ஆரம்பித்து முக்கால் மணி கழித்து ஆறு மைல் தள்ளி அங்கே ஆரம்பம். இங்கே ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் போட்டு, சைக்கிளில் கட்டி ஒரு பையன் மிதிப்பான். ஆயிரம் அடி ரீல் ஒன்று திரையில் பதினோரு நிமிஷம். அவன் வந்து சேர்வதற்குள் அங்கே கையிருப்பு தீர்ந்துவிட்டால் போச்சு. விளக்கைப் போட்டு, ஜவுளிக்கடை ஸ்லைடு, புகை பிடிக்காதீர் ஸ்லைடு, மறுபடி ஜவுளிக்கடை. விசில், பெஞ்சு உடைப்பு, "ஆபரேட்டர்!" என்று ஆரம்பித்து அம்மா சொல்ல மறுத்த வார்த்தைகள்.

"சைக்கிள்ல போன பய உங்கப்பாதான்" என்றாள். எனக்கு இது தெரியாது. நாற்பது வருஷமாக என்னிடம் சொல்லாதது.

நெட்டில் வருவதும் இப்படித்தான், சில விநாடித் துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. பாதை மோசமானால் அடுத்த துண்டை மட்டமான பிரிண்டில் கேட்கும். அதுவும் வராவிட்டால் வட்டம். அப்பாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே அவர் வட்டத்தைப் பார்த்த பார்வை எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது.

ஜூலை 22

அதே படம், இன்று ஒழுங்காக ஓடியது. யாரோ தியேட்டர் பிரிண்டிலிருந்து எடுத்து ஏற்றியிருக்கிறார்கள், கோடுகளோடு. ஓர் இடத்தில் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வந்து மறைந்தது. நான் கவனித்திருக்க மாட்டேன். அப்பாவின் இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. ஏழெட்டு விநாடி கழித்து இரண்டாவது பொட்டு. கை சட்டத்தை இழுத்தது. காட்சி மாறியது.

முதல் பொட்டுக்கு இரண்டாவது மெஷினின் மோட்டார், அடுத்த பொட்டுக்கு மாற்றம். சின்ன வயசில் ஒரு தடவை அவர் மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஜூலை 24

அம்மாவின் பாவாடை நாடாவை வைத்துக்கொண்டு என்னமோ செய்கிறார். கட்டில் சட்டத்தில் ஒரு முனையைத் தொங்கவிட்டு, மறுமுனையை இடது கையில் பிடித்துக் கீழே ஒரு வளைவு வருகிற மாதிரி காட்டுகிறார். வளைவைப் பெரிசாக்குகிறார், சின்னதாக்குகிறார். பிறகு தன் வாயைத் தொடுகிறார். சலைன் குழாயா? மூக்கில் குழாய் போட்டதை ஞாபகப்படுத்துகிறாரா? பசியா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டல். கடைசியில் நாடாவை என் மேல் எறிந்தார்.

அம்மனுக்குக் கயிறு கட்டச் சொல்றாருடி, என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கோவில் குழாய் ஸ்பீக்கர் காலை ஐந்துக்கே ஆரம்பம். எலுமிச்சை சாதம், புளியோதரை. ப்ளூடூத் ஸ்பீக்கரைச் சார்ஜ் போட மறந்துவிட்டேன். பரணிலிருந்து தங்கச்சியின் பழைய ஒயர் ஸ்பீக்கரை எடுத்துத் துடைத்து மாட்டினேன், கரகரக்கிறது. அந்தக் கரகரப்பில் நாலு தடவை 'ப' சொன்னார். சத்தமே இல்லாமல் முதலில், அப்புறம் சத்தத்தோடு.

அம்மா காசை மஞ்சள் துணியில் முடிந்துவைத்தாள்.

ஆகஸ்ட் 5

நல்ல சத்தம் இருந்தால் இன்னும் நன்றாகச் செய்வார் என்று ப்ளூடூத்தைத் திரும்ப மாட்டினேன். முகம் சுவர்ப் பக்கம்.

கோபம் வரவில்லை இந்தத் தடவை, அலுப்புதான். அவர் தலைமாட்டில் தலை வைத்து, அவர் பார்க்கிற கோணத்திலிருந்து நானும் பார்த்தேன். மேடம் உதட்டை மூடினார். திறந்தார். திறந்து, வாய் 'ஆ' என்று நின்ற பிறகு 'ப' கேட்டது.

மறுபடி ஓட்டினேன். கால் விநாடி இருக்கும். என் நாற்காலியிலிருந்து பார்த்தபோதும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், நான் உதட்டைப் பார்க்கவே இல்லை. ப்ளூடூத்தில் சத்தத்தைச் சுருட்டி அனுப்பி, அந்தப் பக்கம் விரித்துப் போடுவதற்குள் அவ்வளவு நேரம் பிடிக்கிறது. நல்ல சாமானாக இருந்தால் பிரவுசர் படத்தையும் அதற்கேற்பக் கொஞ்சம் நிறுத்தி வைக்குமாம். என்னுடையது 250 ரூபாய் டாங்கிள். இரண்டு உதடும் சேர்ந்தால் ப, ம பிறக்கும் என்று தொல்காப்பியத்தில் இருப்பதை எட்டாம் வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். இந்த வீட்டில் மூன்று வாரமாக அது பிரிந்த உதட்டில் பிறந்துகொண்டிருந்தது.

நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். "லூப்பாப்பா?"

பிலிமில் ஒரு காட்சிக்கான சத்தம் அதே காட்சிக்குப் பக்கத்தில் இருக்காது. சுமார் இருபது பிரேம் முன்னால் பதிந்திருக்கும், ஏனென்றால் சத்தத்தைப் படிக்கிற இடம் லென்சுக்குக் கீழே தள்ளி இருக்கிறது. படம் காட்டும் இடத்தில் பிலிம் நின்று நின்று இறங்கும், சத்தம் படிக்கும் இடத்தில் ஒரே சீராக ஓட வேண்டும். நடுவில் விடுகிற தொங்கல்தான் கீழ் லூப். அந்த வளைவு சரியான அளவில் இருந்தால் இருபது பிரேமும் கணக்காக ஈடாகி உதடும் பேச்சும் சேரும். கூடினால் கதாநாயகன் வாயை மூடிய பிறகு வசனம் வரும், குறைந்தால் வாயைத் திறக்கும் முன்பே வரும். அப்பா இதைச் சாப்பாட்டுத் தட்டில் இடியாப்பத்தை வைத்துக் காட்டியிருக்கிறார் எங்களுக்கு.

அவர் கண்ணை மூடித் திறந்தார். சிரிப்பெல்லாம் இல்லை. புதுசாக வந்த எடுபிடி கடைசியில் ஒரு வழியாக ரீலைச் சரியாகக் கோத்தால் ஆபரேட்டர் என்ன செய்வார், அதுதான்.

ஆகஸ்ட் 6

ப்ளூடூத் ஸ்பீக்கர் தங்கச்சி மகனுக்கு. பாட்டுக் கேட்க ஜோரானது.

ஆகஸ்ட் 12

ப, ம, மா, பா. அதற்கு மேல் ஏறவில்லை. 'த' வரவில்லை. பெயர் எதுவும் வரவில்லை. மேடம் பொறுமை என்கிறார். கம்ப்யூட்டரைத் திறந்தால் விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிகிறது என்று ஒரு அறிவிப்பு, மூடினாலும் வருகிறது. இந்தப் பெட்டிக்கு 11 ஏறாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாளை காலை பஸ். அம்மாவுக்காகக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.

வட்டம் சுற்றினால்: காத்திரு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல் ஆனால் லைன்காரத் தம்பி.
படம் கறுப்பாக வந்தால்: மூடித் திற. வராவிட்டால் சர்வீஸ் தம்பி.
எதுவுமே திறக்காவிட்டால்: மூலையில் தேதி பார்.
விட்டு விட்டு ஓடினால்: 720 என்று இருக்கிறதா பார்.
சத்தம் உதட்டோடு சேராவிட்டால்

அங்கே நிறுத்தி யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அத எழுதாத. அத அவரே சொல்லிருவாரு."

தாளைச் சுவரில் ஒட்டினால் நிற்கவில்லை. செல்லோடேப்போடு சுண்ணாம்பும் சேர்ந்து பேர்ந்து வருகிறது. மானிட்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன்.